துட்டோடு வாசல் தாண்டினால்

நந்தவனம் கைவேலைக் கம்பெனியின் மாதிரிப் பெட்டி குழல்வாய்மொழி வீட்டு ஹாலில் வந்து இறங்கிய ஆடி வெள்ளியிலிருந்து, பூவுடையான்குளத்தில் கையில் துட்டோடு யார் தன் வீட்டு வாசலைத் தாண்டினாலும், தாண்டிய கால் தெருவில் படாமல் நேராகக் குழல்வாய்மொழி வீட்டு ஹாலில்தான் படும் என்று ஆகிப்போனது. ஏன் அப்படி ஆனது என்று என்னைக் கேட்காதீர்கள். ஊரே கேட்கவில்லை, நமக்கென்ன வந்தது? ஊர் கேட்டதெல்லாம் செருப்பை எங்கே கழற்றி விடுவது என்பதுதான்.

பெட்டி வந்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். குழல்வாய்மொழிக்கு வாய் என்றால் அப்படி ஒரு வாய். தனக்கு ஒரு ரவிக்கைத் துணி எடுக்க ஜவுளிக்கடைக்குப் போவாள். அங்கே எந்தச் சேலையை எடுப்பது என்று முழித்துக்கொண்டிருக்கும் யாரோ ஒருத்தியைப் பார்த்து, "எக்கா, அந்த மாம்பழக் கலரை எடுத்துத் தோள்ல போடுங்க, ஒங்க நெறத்துக்கு அப்படி எடுப்பா இருக்கும்" என்பாள். அவளையும் எடுக்க வைத்து, அவள் தங்கச்சிக்கும் ஒன்று எடுக்க வைத்து, கடைக்காரர்கள் வாயைப் பிளந்து நிற்க, தன் ரவிக்கைத் துணியை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவாள். இந்த வாயை வைத்துக்கொண்டு நீ என்னத்தைப் பண்ணப் போகிறாயோ என்று அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டதும், கல்யாணமாகி வந்த வீட்டில் மாமியார் அதையே வேறு ராகத்தில் பாடியதும் ஊருக்கே தெரியும். அப்படி ஒரு நாள் ஜவுளிக்கடையில் அவள் இரண்டு பட்டுச்சேலையை யார் யாருக்கோ விற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் கிரேஸ் மேடம் கண்ணில் பட்டாள். கிரேஸ் மேடம் திருநெல்வேலிக்காரர். நந்தவனம் கம்பெனிக்கு ஊர் ஊராக ஆள் சேர்ப்பது அவர் வேலை.

"கடை வேண்டாம், தெருத் தெருவா அலைய வேண்டாம், உங்க ஹால்தான் கடை" என்றார் கிரேஸ் மேடம். "நாலு பேர் வரட்டும், பெட்டியைத் திறந்து காட்டுங்க, அவங்க முன்னால ஒண்ணு செஞ்சும் காட்டுங்க, பிடிச்சவங்க வாங்கிக்கட்டும். இல்லப் பிரதிநிதின்னு பேரு. ஆடி மாசம் புதுசா எதையும் ஆரம்பிக்க மாட்டீங்க, எனக்குத் தெரியும். அதனால ஆடி பூரா பெட்டி சும்மா உங்க வீட்டுல இருக்கட்டும், பழகிப் பாருங்க. ஆவணி ஒண்ணாந் தேதி வர்றேன். சரின்னா சரி, இல்லேன்னா பெட்டியை எடுத்துட்டுப் போயிடறேன். கோவிச்சுக்க மாட்டேன்."

பெட்டியில் கண்ணாடி மணிகள் நிறம் நிறமாக, கூடை பின்னும் ஒயர், க்ரேப் பேப்பர், எம்பிராய்டரி வளையங்கள், பசை, மாதிரிக்கு என்று கோர்த்து வைத்த மயில், கிளி, அன்னம் என்று என்னென்னவோ இருந்தன. குழல்வாய்மொழி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கப் பார்க்க, அவள் வாய் தன்னால் பேச ஆரம்பித்துவிட்டது. இந்த வாய்க்கு இத்தனை வருஷம் கழித்து ஒரு சோலி கிடைத்திருக்கிறது என்று அவளுக்கு ஒரே சந்தோஷம், சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு ராத்திரி சோறு கூட இறங்கவில்லை. மோட்டார் காயில் கட்டும் அவள் புருஷன் திருமலை மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஒனக்குச் சரின்னா எனக்கும் சரிதாம். ஆனா வீட்டுக்கு வந்த ஆள்ட்ட துட்டு கேக்க ஒனக்கு வாய் வருமாட்டி?" என்று கேட்டான்.

"எனக்கா வாய் வராது?" என்று சிரித்தாள் குழல்வாய்மொழி.

மறுநாள் மத்தியானம் வழக்கம்போல ஆவுடைத்தங்கம் கொல்லைப்பக்கமாக வந்து, ஹாலில் காலை நீட்டி உட்கார்ந்து, குழல்வாய்மொழியோடு சேர்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆவுடைத்தங்கம் அடுத்த வீட்டுக்காரி, வயதில் மூத்தவள், புருஷன் கேரளாவுக்கு லாரி ஓட்டுகிறவர். குழல்வாய்மொழி இந்த ஊருக்குப் புதுப்பெண்ணாக வந்து, யாரையும் தெரியாமல் கொல்லையில் நின்று அழுதுகொண்டிருந்த நாளில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "அழுது முடிச்சிட்டியன்னா கொழம்பு தாரேன், நல்ல காரமா இருக்கு" என்று கேட்டவள். அன்றிலிருந்து இன்றுவரை மத்தியானம் என்றால் இரண்டு பேருக்கும் ஒரே மத்தியானம்தான். ஆவுடைத்தங்கம் துட்டோடு எங்கும் போகிறவள் இல்லை, கடை கண்ணியெல்லாம் புருஷன் வரும்போது பார்த்துக்கொள்வார்; குழல்வாய்மொழி வீட்டுக்கு அவள் வருவது எப்போதும் வெறுங்கையோடு, கொல்லை வழியாக.

அப்போதுதான் வடக்குச் சுவரில் காலண்டர் தொங்குகிற இடத்திலிருந்து, கையில் ஒயர்க்கூடையும் பர்ஸுமாக மேலத்தெரு லோகநாயகி ஹாலுக்குள் கால் வைத்தாள்.

"ஏளா, நான் முருங்கைக்காய் வாங்கல்லா கெளம்பினேன்" என்றாள் லோகநாயகி, சுற்றும் முற்றும் பார்த்து. "எங்க வீட்டு வாசலத் தாண்டினா இங்கன வந்து நிக்கேன்."

"வந்தது வந்துட்டிய, உக்காருங்க மைனி" என்றாள் குழல்வாய்மொழி. "எக்கா, நம்ம மைனிக்கு அந்தச் செம்புல தண்ணி கொண்டாங்க."

ஆவுடைத்தங்கம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "கொஞ்சம் குனிஞ்சு வந்திருக்கலாம்லா, காலண்டர் கிழிஞ்சிட்டு பாருங்க" என்றாள். அவ்வளவுதான். அதற்குமேல் அந்த விஷயத்தில் ஆச்சரியப்பட ஒருவருக்கும் நேரமில்லை, ஏனென்றால் லோகநாயகியின் பின்னாலேயே அவள் மருமகள் வந்தாள், அவளுக்குப் பின்னால் பால் வாங்கக் கிளம்பிய வாத்தியார் வந்தார், அவருக்குப் பின்னால் மளிகைக்கடை சுடலைமுத்து அண்ணாச்சி, கடைச் சாவியும் சில்லறைப் பையுமாக, "மன்னிக்கணும்மா" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

துட்டு இல்லாமல் தாண்டினால் தெரு, துட்டோடு தாண்டினால் குழல்வாய்மொழி வீடு. அங்கிருந்து முன்வாசல் வழியாக வெளியே போனால் அவரவர் போக நினைத்த இடத்துக்குப் போய்க்கொள்ளலாம் என்பது ஊருக்குப் பிடிபட அதிக நேரம் ஆகவில்லை, பிடிபட்டதும் ஊர் அதற்குத் தகுந்தபடி தன்னை மாற்றிக்கொண்டது. காலண்டரைத் தெற்குச் சுவருக்கு மாற்றினார்கள். வடக்குச் சுவரடியில் கால் துடைக்க ஒரு சாக்கைப் போட்டார்கள். திடீரென்று போய் நின்றால் அடுத்தவர் வீட்டில் எப்படி இருப்பார்களோ என்று, எல்லாரும் தங்கள் வீட்டு வாசலிலேயே நின்று ஒரு கனைப்புக் கனைத்துவிட்டுத் தாண்டப் பழகினார்கள். அப்படியும் ஒருநாள் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு ஹாலுக்கு வந்த திருமலை, ஏழெட்டுப் பொம்பளைகளைப் பார்த்து அலறிக்கொண்டு சமையல்கட்டுக்குள் ஓடினான். தலை சீவாமல் அவசரத்துக்குக் கடைக்குப் போகிறவர்கள் பர்ஸை ஜன்னல் வழியாகத் தெருவில் போட்டுவிட்டு, வெறுங்கையோடு வாசலைத் தாண்டிப்போய் எடுத்துக்கொண்டார்கள். ஊருக்கு வெளியே தோட்டத்து வீடுகளில் இருப்பவர்களோ, குழல்வாய்மொழி வீட்டுக்கு எதிரே ஆஸ்பத்திரியும் பஸ் நிறுத்தமும் இருப்பதால், இத்தனை நாள் வெயிலில் நடந்த நடைக்கெல்லாம் விடிவு வந்தது என்று, நடக்க மாட்டாத அப்பாவையும் நிறைமாத மகளையும் கையில் ஒரு ரூபாயைத் திணித்து வாசல் தாண்ட வைத்தார்கள். சுடலைமுத்து அண்ணாச்சி, ஊர் முழுக்க இவள் வீட்டு வாசலில்தானே வெளியே வருகிறது என்று கணக்குப் போட்டு, வெங்காயத்தையும் பருப்பையும் மூட்டையோடு கொண்டுவந்து அவள் காம்பவுண்டுச் சுவரோரம் இறக்கிவிட்டார்.

இப்படி ஓர் ஊரே தேடி வந்து நிற்க, எந்தப் பிரதிநிதிக்காவது கொடுத்து வைத்திருக்குமா? ஆனால் குழல்வாய்மொழி அந்த முதல் வாரத்தில் ஒரு மணி கூட விற்கவில்லை.

காரணம் வேறொன்றுமில்லை, தண்ணீர்தான். வீட்டுக்குள் வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுக்காமல் பேசுகிற பழக்கம் பூவுடையான்குளத்தில் யாருக்கும் கிடையாது. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டால் அவர் விருந்தாளி. விருந்தாளியிடம் போய் விலை சொல்வது எப்படி? குழல்வாய்மொழி பெட்டியைத் திறப்பாள், மயிலை எடுப்பாள், அது ஹால் ஜன்னலில் தொங்கினால் சாயங்கால வெயிலில் எப்படி மினுங்கும் என்று சொல்லச் சொல்லக் கேட்கிறவர்களுக்குக் கண் விரியும், "எவ்வளவுட்டி?" என்று அவர்களே பர்ஸைத் திறப்பார்கள், அந்த இடத்தில், பிறந்ததிலிருந்து ஒருநாளும் கட்டுப்படாத அந்த வாய் கட்டிக்கொள்ளும். "ஒங்ககிட்டப் போய் என்ன மைனி... எடுத்துட்டுப் போங்க" என்று எடுத்துக் கொடுத்து, குங்குமமும் வைத்து அனுப்பிவிடுவாள். வாங்கிப் போனவர்களுக்கு மட்டும் மனசு கேட்குமா? ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு எப்படிப் போவது என்று, அடுத்த தடவை தக்காளி வாங்கக் கிளம்பும்போதே ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் கையில் எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினார்கள். ஹாலில் பழம் குவிந்தது, ஈ மொய்த்தது, திருமலை மூன்று வேளையும் பழம் தின்றான்.

"எத்தனை ஆர்டர் வந்திருக்கு?" என்று கிரேஸ் மேடம் போனில் கேட்டார்.

"எண்ண முடியல மேடம். எல்லாம் நாட்டுப்பழம்" என்றாள் குழல்வாய்மொழி.

போனை வைத்த கையோடு அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. கேட்பதற்கு வாய் வருமா என்று புருஷன் கேட்டது சரியாய்ப் போயிற்றே! அன்றைக்கே பெட்டியைச் சமையல்கட்டுப் பக்கத்திலிருந்து தூக்கி வந்து, வடக்குச் சுவரடியில், வருகிறவர்கள் கால் வைக்கிற இடத்துக்கு முன்னாலேயே வைத்தாள். முதலில் பெட்டி, பிறகுதான் தண்ணீர். தண்ணீர் குடிக்காதவரை வந்தவர் கடைக்கு வந்தவர். குடித்த பிறகு அவர் விருந்தாளி, அதற்கப்புறம் யாவாரப் பேச்சே கிடையாது. ஊர் இதை ஒருநாள் முணுமுணுத்தது, மறுநாள் நியாயம்தானே என்றது.

அப்புறம் பார்க்க வேண்டுமே குழல்வாய்மொழியை! இந்த ஊரில் பந்தியில் பாயசம் என்றாலும் சரி, கூடையில் கத்தரிக்காய் என்றாலும் சரி, முதல் தரம் கேட்டால் வேண்டாம் என்பார்கள், அது மரியாதை. இரண்டாம் தரமும் வேண்டாம் என்பார்கள், அது கூச்சம். மூன்றாம் தரம் கேட்டால்தான் உண்மையில் வேண்டுமா வேண்டாமா என்று தெரியும். அது குழல்வாய்மொழிக்குத் தெரிந்த மாதிரி யாருக்குத் தெரியும்? ஒவ்வொருவரையும் மூன்று தரம் கேட்டாள். ஒவ்வொரு தரமும் வேறு வேறு மாதிரி கேட்டாள். லோகநாயகி ஒயர் வாங்கிப் போய்க் கோயிலுக்கு ஒரு பூக்கூடை பின்னினாள், அவள் மருமகள் வளையம் வாங்கித் தலையணை உறையெல்லாம் ரோஜாவாக்கினாள், பால்காரர் கூட முறைத்துக்கொண்டே ஒரு கிளி வாங்கிப்போய் சைக்கிள் மணியில் கட்டிக்கொண்டார். டீக்கடையில் ஆம்பளைகள் பேச்சை விட்டுவிட்டு மணி கோர்த்தார்கள். குழல்வாய்மொழியிடம் வாங்குவது என்றால் திட்டு வாங்குவது, சிரிப்பு வாங்குவது, கடைசியில்தான் சாமான் வாங்குவது என்று ஊரில் பேச்சானது, அதைக் கேட்டு அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. தன்னால் முடியும் என்று அவளுக்கு முன்பே தெரியும். இவ்வளவு முடியும் என்று இப்போதுதான் தெரிந்தது.

அந்த மும்முரத்தில்தான் அது நடந்தது. ஒரு மத்தியானம் ஹால் கொள்ளாத கூட்டம். கொல்லைப்பக்கமாக வந்த ஆவுடைத்தங்கம், கீரைக்கட்டோடு நடைவாசலில் நின்றாள். குழல்வாய்மொழி ஒரு கையில் மயிலும் இன்னொரு கையில் சில்லறையுமாகத் திரும்பி, "என்னக்கா வேணும்?" என்று கேட்டாள்.

ஆவுடைத்தங்கம் கீரைக்கட்டைக் கை மாற்றிப் பிடித்தாள். "ஒண்ணும் வேண்டாம்" என்றாள்.

"சரிக்கா" என்று குழல்வாய்மொழி அடுத்த ஆளைப் பார்த்துத் திரும்பிவிட்டாள். மறுபடி அவள் திரும்பிப் பார்த்தபோது நடைவாசலில் யாருமில்லை.

மறுநாள் ஆவுடைத்தங்கம் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. குழல்வாய்மொழி கொல்லை வழியாகப் போய்க் கதவைத் தட்டினால், உள்ளேயிருந்து, "தலவலிட்டி" என்று குரல் வந்தது, கதவு திறக்கவில்லை. இன்னொரு நாள் கருவாட்டுக் குழம்பு கொண்டுபோனாள். "வெள்ளிக்கிழமையாக்கும்" என்று குரல் வந்தது, கருவாடு திரும்பி வந்தது. அன்றைக்குத்தான் குழல்வாய்மொழிக்கு உறைத்தது. அடப்பாவி மனுஷி! யாரிடம் போய் என்ன வேண்டும் என்று கேட்டாய்? ஒருநாளும் ஒன்றும் வேண்டி வராதவளிடம், கடைக்காரி மாதிரி, கையில் சில்லறையோடு! தண்ணீர் கூடக் கொடுக்கவில்லையே! அதற்குப் பிறகு ஊர் முழுக்க ஹாலில் நின்றாலும் அவளுக்கு வீடு வெறிச்சென்று இருந்தது. விற்றாள், சிரித்தாள், மூன்று தரம் கேட்டாள். கூட்டம் கலைந்ததும் நீட்டிய இரண்டு கால் இல்லாத ஹாலைப் பார்த்து அழுதாள்.

ஆடி முடியப் போகிறது என்றதும் சுடலைமுத்து அண்ணாச்சி ஊர் சார்பாக நாலு பேரைக் கூட்டிக்கொண்டு, ஆளுக்கு ஒரு ரூபாயைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"ஏம்மா, நீ பெட்டியைத் திருப்பிக் குடுத்துட்டன்னா இந்த வழி அடஞ்சு போயிரும்லா" என்றார். "தோட்டத்து வீட்டுப் பெரியவருக்கு நாள் விட்டு நாள் ஆஸ்பத்திரி. அவர மறுபடி வெயில்ல நடக்க விடுவியா? நல்லா யாவாரம் பண்ணுத, சரின்னு சொல்லிரு."

"வழிக்காக யாராவது யாவாரம் பண்ணுவாவளா அண்ணாச்சி?" என்றாள் குழல்வாய்மொழி. "எனக்கு வேணும்னா பண்ணுவேன், வேண்டாம்னா விட்டுருவேன். பெரியவர நான் ஆட்டோ வச்சு அனுப்புதேன்."

பேச்சு கறாராகத்தான் இருந்தது. அவர்கள் போன பிறகு திருமலையிடம் உண்மையைச் சொன்னாள். "எனக்கு இந்தச் சோலி புடிச்சிருக்கு. இதுக்குன்னே பொறந்தவ மாதிரி இருக்கு எனக்கு. ஆனா ஆவுடையக்கா இந்த வீட்டுக்கு வர மாட்டாவன்னா, நாளைக்கு மேடம் வந்ததும் பெட்டியைத் தூக்கிக் குடுத்துருவேன். ரெண்டுல ஒண்ணுதான்னா எனக்கு எதுன்னு தெரியும். தெரியுததுனாலதான் வயிறு எரியுது."

 "நீ போய் நேர்ல கேளேன்" என்றான் திருமலை.

"கதவத் தெறந்தாத்தான?"

ஆவணி ஒன்றாந் தேதி காலையில் ஹால் நிரம்பியிருந்தது. மேடம் வந்து என்ன கேட்பார், இவள் என்ன சொல்வாள் என்று பார்க்க, வாங்க ஒன்றுமில்லாதவர்கள் கூடக் கையில் ஒரு ரூபாயாவது வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். குழல்வாய்மொழி தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி, எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அலமாரியிலிருந்து தன் பர்ஸை எடுத்தாள்.

ஹாலில் எல்லாரும் எக்கிப் பார்த்தார்கள். பெட்டி வந்த நாளிலிருந்து அவள் துட்டோடு தன் வாசலைத் தாண்டியதேயில்லை. கடைகளே வாசலுக்கு வந்துவிட்ட பிறகு அவளுக்கு எதற்கு? எல்லாரும் துட்டோடு தாண்டினால் இங்கே வருகிறார்கள், இவள் தாண்டினால் எங்கே போவாள்? "சுத்திக்கிட்டு இங்கனதான் வந்து நிப்பா" என்றார் வாத்தியார். "இல்ல, தெருவுக்குத்தான் போவா, அவளுக்கு ஏது மாயம்" என்றாள் லோகநாயகி. குழல்வாய்மொழிக்கும் தெரியாது. தெரிந்ததெல்லாம், துட்டில்லாமல் போய்த் தட்டின கதவு திறக்கவில்லை என்பதுதான். பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு கனைப்புக் கனைத்துவிட்டு, தன் வாசலைத் தாண்டினாள்.

தாண்டிய கால் ஆவுடைத்தங்கத்தின் சமையல்கட்டில் பட்டது.

ஆவுடைத்தங்கம் அடுப்பில் சோற்றுப் பானையை வைத்துவிட்டு, முறத்தில் பயறு பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்திக் குழல்வாய்மொழியைப் பார்த்தாள், அவள் கையிலிருந்த பர்ஸையும் பார்த்தாள்.

"என்ன வேணும்?" என்றாள்.

குழல்வாய்மொழிக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. "எக்கா, நான் அன்னைக்கு அப்படிக் கேட்டது தப்புதான். கடைக்கு வந்த ஆள்ட்ட கேக்க மாதிரி ஒங்ககிட்ட கேட்டுட்டேன். என்ன நாலு அறை அறைங்க. இன்னைக்கு மேடம் வாராவ, பெட்டியைக் குடுத்து அனுப்பிருதேன், நீங்க எப்பவும் போல வாங்க, அது போதும் எனக்கு."

"கேட்டதுல என்னட்டி தப்பு?" என்றாள் ஆவுடைத்தங்கம், பயற்றில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டு. "நீ கேட்ட. நான் வேண்டாம்னேன். எத்தன தரம் சொன்னேன்?"

"ஒரு தரம்."

"அந்த லோகநாயகி எத்தன தரம் வேண்டாம்னா?"

குழல்வாய்மொழி பர்ஸை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"நான் சொல்லுதேன். அவள மூணு தரம் கேட்ட. அவ மருமகள மூணு தரம் கேட்ட. அந்தப் பால்காரன், அவன் முழிக்க முழியப் பாத்துட்டும் விடாம மூணு தரம் கேட்டு அவன் தலையில ஒரு கிளியைக் கட்டின. நான் அந்த நடைவாசல்ல நின்னு ஒரு தரம் வேண்டாம்னதும், சரிக்கான்னுட்டு முதுகக் காட்டிட்டியே! ஊர்ல எந்தப் பொம்பளையாவது மொதத் தரம் கேட்டதும் சரின்னு சொல்லியிருக்காளா? ஊருக்கெல்லாம் தொண்டை கிழியக் கிழியச் சொன்னியே, ஒரு மணியைக் கையில எடுத்து, எக்கா இது நல்லாருக்கும் பாருங்கன்னு எங்கிட்ட சொன்னியா நீ? நானும் நிக்கேன், நிக்கேன், இப்பம் திரும்புவா, ரெண்டாந் தரம் கேப்பான்னு நிக்கேன்." ஆவுடைத்தங்கம் முறத்தை ஓங்கித் தட்டினாள். "எனக்கு அப்படி அழுகையா வந்துட்டு, தெரியுமா ஒனக்கு?"

"ஒங்ககிட்ட எப்படிக்கா துட்டு வாங்குவேன்?"

"ஏன், என் துட்டு செல்லாதோ?"

என்று கேட்டவள் முறத்தைக் கீழே வைத்தாள், எழுந்தாள், கையைக் கழுவினாள், மிளகு டப்பாவைத் திறந்து உள்ளே கிடந்த நோட்டுகளை எடுத்து முந்தானையில் முடிந்தாள். "சோறு பொங்கிராமப் பாத்துக்கோ" என்று குழல்வாய்மொழியிடம் சொல்லிவிட்டு, முன்வாசலுக்குப் போய், ஊர் வழக்கப்படி ஒரு கனைப்புக் கனைத்து, தன் வாசலைத் தாண்டி மறைந்துபோனாள்.

குழல்வாய்மொழி அடுப்பை அணைத்தாள், பர்ஸை அங்கேயே போட்டாள், கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். அவள் மூச்சிரைக்கத் தன் ஹாலுக்குள் வந்தபோது, வடக்குச் சுவரடியில், பெட்டிக்கு முன்னால், முந்தானை முடிச்சைப் பிடித்தபடி ஆவுடைத்தங்கம் விறைப்பாக நின்றிருந்தாள். கூட்டம் அவளைச் சுற்றி இடம் விட்டு ஒதுங்கி நின்றது. பஸ்ஸில் வந்து இறங்கியிருந்த கிரேஸ் மேடம் நாற்காலியில் உட்கார்ந்து, ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழல்வாய்மொழி கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

"என்னக்கா வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம். சும்மா வந்தேன்."

"சும்மாவே பாருங்களேன். இந்த மயிலப் பாருங்க, ஒங்க வீட்டுக் கெழக்கு ஜன்னல்ல காலம்பற வெயில் விழும்லா, அங்கன தொங்க விட்டா சமையக்கட்டு பூரா நீலமும் பச்சையுமா ஓடும். அண்ணன் லாரியில இருந்து எறங்கி வந்தா, வீடு மாறி வந்துட்டமான்னு வாசல்லயே நிப்பாவ."

"அவரு நிக்கட்டும். எனக்கு வேண்டாம்."

குழல்வாய்மொழி விடவில்லை. அழுதுகொண்டே விற்றாள், அப்படி ஒருத்தி விற்றதை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. "மயில் வேண்டாம்னா விடுங்க. எக்கா, ஒங்க கை கோர்த்தா மணி அப்படியே வரிசை புடிச்சு நிக்கும், எனக்குத் தெரியும். ஒங்க கையால ஒண்ணு கோக்காம இந்த ஊர்ல எத்தன மயில் ஆடினாலும் நான் வித்ததா ஆகாது. எது வேணும்னு கையக் காட்டுங்க. மத்தியானம் நம்ம ரெண்டு பேரும் ஒக்காந்து கோப்போம்."

ஆவுடைத்தங்கம் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். மயிலைத் தள்ளினாள், அன்னத்தைத் தள்ளினாள், அடியிலிருந்து, இத்தனை நாளும் யாரும் தொடாமல் கிடந்த, மணி கோர்ப்பதற்கான ஒரு மாதிரிப் படத்தை இழுத்து எடுத்தாள். உருண்டைக் கண்ணும் கூர்மூக்குமாக அதில் ஓர் ஆந்தை இருந்தது.

"இதுக்கு மணி எடு" என்றாள்.

"ஆந்தையா?" என்று பதறினாள் லோகநாயகி. "அத வீட்டுல வைக்கக் கூடாதும்பாவளே!"

"என் வீடு. என் ஆந்தை" என்றாள் ஆவுடைத்தங்கம். "ஏளா குழலு, என்ன வெல?"

 குழல்வாய்மொழி மணிகளை எண்ணி அளந்து, பொட்டலம் கட்டி, விலையைச் சொன்னாள். ஊருக்கு என்ன விலையோ அதே விலையைச் சொன்னாள், ஒரு பைசா குறைக்காமல், வாய் குழறாமல்.

"கொள்ளையாக்கும்!" என்று கத்தினாள் ஆவுடைத்தங்கம். "அடுத்த வீட்டுக்காரிக்கு இந்த வெலையா?"

"மைனிக்கும் அதான் வெல, பால்காரருக்கும் அதான் வெல. ஒங்களுக்குக் கொறச்சுத் தந்தா நீங்க நாளைக்கு என்ன ஏசுவிய. தர மாட்டேன்."

ஆவுடைத்தங்கத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானை முடிச்சை அவிழ்த்து, நோட்டை நீவி, குழல்வாய்மொழியின் கையில் வைத்து, அந்தக் கையை மூடிவிட்டாள். ஊர் கலகலவென்று பேச ஆரம்பித்தது. கிரேஸ் மேடம் நாற்காலியை விட்டு எழுந்து, "அப்ப, என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?" என்று கேட்டார்.

"முடிவென்ன மேடம், நான் இந்தச் சோலியை விட மாட்டேன்" என்றாள் குழல்வாய்மொழி, மூடின கையைத் திறக்காமலே. "அடுத்த பெட்டியில ஆந்தைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலா மணி வச்சு அனுப்புங்க."

"எனக்கு இனி ஒண்ணும் வேண்டாம்ப்பா" என்றாள் ஆவுடைத்தங்கம்.

அது முதல் தரம்தான்.